மருந்தும் குன்றிமணியும்

தமிழில் மருந்து என்பது ஒரே சொல். நோயைத் தீர்ப்பதும் மருந்து. பாறையைப் பிளப்பதும் மருந்து. இரண்டிலும் அளவு தவறினால் உயிருக்கு இறுதி. இவ்வுண்மையைப் பொன்னை நிறுத்தே வாழ்ந்த முதியவர் ஒருவர், தம் எழுபத்தேழாம் வயதில், தம் மகனிடமிருந்து புதிதாக அறிந்துகொள்ள நேர்ந்தது.

பினாங்கு ஜார்ஜ் டவுனில், லெபோ பினாங்கை ஒட்டிய சந்தொன்றில் அவருடைய பட்டறை இருந்தது. ஊரார் அவரைப் பத்தர் என்றே அழைத்தனர். ஊதுகுழல், உமியோடு, கொறடு, தேக்குப் பெட்டிக்குள் அடங்கும் சிறு தராசு ஆகியவையே அவர் சொத்து. அத்தராசோடு ஒரு கைப்பிடிக் குன்றிமணியும் அவருடைய தந்தையிடமிருந்து வந்தது. ஒரே மகன் பொறியியல் படிக்க ஆஸ்திரேலியா சென்றான், அங்கேயே தங்கிவிட்டான். பட்டறைக்கு வாரிசு இல்லை என்பது உறுதியான பின் பத்தர் அதனை மூடினார். அதுபற்றி மகனிடம் அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்லாத அச்சொல் இருவருக்கும் நடுவே நெடுங்காலம் நின்றது.

ஒரு தீபாவளிக்கு மகன் வந்திருந்தான். கைப்பேசியில் தன் வீட்டுப் படங்களைக் காட்டிக்கொண்டு வந்தபோது, ஒரு படத்தில் பத்தரின் விரல் நின்றது. மேசை, சிறிய தராசு, வரிசையாக நின்ற பித்தளைக் குப்பிகள். "இது என்ன வேலை, தம்பி?" என்று ஆவலோடு கேட்டார். துப்பாக்கித் தோட்டாக்களைத் தானே நிரப்புவதாகவும், அவற்றுக்கேற்ற துப்பாக்கியையும் தானே அமைத்துக்கொண்டதாகவும் மகன் சொன்னான். பத்தர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து சென்றார்.

அவர் கலங்கியதில் வியப்பில்லை. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டமும் உள்ள நாட்டில் வாழ்ந்தவர் அவர். உரிமமின்றி ஒரு தோட்டாவைக் கையில் வைத்திருப்பதே இங்குக் குற்றம். பொன் செய்த கையின் பிள்ளை கொலைக்கருவி செய்கிறானே என்னும் எண்ணம் அவரை இரண்டு நாள் பேசவிடாமல் செய்தது.

மூன்றாம் நாள் மாலை இருவரும் கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் நடந்தனர். அங்கே கடலை நோக்கிக் கிடக்கிறது ஸ்ரீ ரம்பாய் என்னும் வெண்கலப் பீரங்கி. 1603இல் ஹாலந்தில் யான் பர்கர்ஹைஸ் என்பவர் வார்த்தது. டச்சுக்காரர் அதனை ஜொகூர் சுல்தானுக்குப் பரிசளித்தனர். ஆச்சே நாட்டார் கவர்ந்து சென்றனர். 1795இல் அது சிலாங்கூருக்குச் சென்றது. 1871இல் ஆங்கிலேயர் கோல சிலாங்கூரைத் தாக்கிப் பினாங்கிற்குக் கொண்டுவந்தனர். பிள்ளை வரம் வேண்டுவோர் அதன் வாயில் மலர் வைப்பதும் உண்டு. போரையே காணாத கோட்டையில், பலர் கை மாறிவந்த பீரங்கி பூச்சூடிக் கிடப்பதை அவ்வூர் மக்கள் நன்கறிவர்.

பீரங்கியின் அருகில் நின்றுதான் மகன் பேசத் தொடங்கினான். இதற்கு மருந்தையும் குண்டையும் தனித்தனியே அளந்து கையால் இட்டனர். பிற்காலத்தில் இரண்டையும் ஒரு பித்தளைக் குப்பிக்குள் அடக்கினர். அதுவே தோட்டா என்றான். 1906இல் அமெரிக்கப் படை ஏற்ற தோட்டாவின் குப்பி 63 மில்லிமீட்டர் நீளம். மருந்தின் தரம் உயர்ந்ததால், ஏறத்தாழ அதே வேகத்தை 51 மில்லிமீட்டர் குப்பியிலேயே பெற முடிந்தது. 1952இல் வின்செஸ்டர் நிறுவனம் அதனைப் பாயிண்ட் 308 என்னும் பெயரில் விற்றது. குப்பி குறுகவே, அதனை முன்னும் பின்னும் தள்ளும் இயங்குபகுதியும் குறுகியது, துப்பாக்கி இலேசாயிற்று. அக்குறுங்குப்பியின் கழுத்தை நெருக்கியும் தோளை மாற்றியும் ஆர்வலர்கள் தம் விருப்பம்போல் புதிய தோட்டாக்களைப் படைத்தனர். எந்த ஆலையும் செய்து விற்காத இத்தகைய தோட்டாவுக்குக் காட்டுப்பூனை என்று பெயர். சில பூனைகள் பின்னர் வீட்டுக்கும் வந்தன. ஏழு மில்லிமீட்டர் கழுத்துடைய ஒன்றை 1980இல் ரெமிங்டன் நிறுவனம் தன் சரக்காகவே ஏற்றுக்கொண்டது.

"உன்னுடையது எப்படி?" என்று பத்தர் கேட்டார். இரண்டு நாளுக்குப்பின் அவர் கேட்ட முதற் கேள்வி அது.

அந்த ஏழு மில்லிமீட்டர் குப்பியின் தோள் 20 பாகைச் சரிவுடையது. மகன் அதனை 40 பாகையாக்கினான். முதலில் அவ்வடிவத்துக்கேற்ற குடைவுளியால் குழலின் அறையைக் குடைய வேண்டும். பிறகு பழைய குப்பியை அதில் இட்டுச் சுட்டால், அழுத்தத்தால் பித்தளை விரிந்து அறையின் வடிவத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும்.

"அச்சில் தகட்டை வைத்துத் தட்டுவது போல" என்றார் பத்தர்.

மீண்டும் மீண்டும் சுடுவதால் கழுத்துப் பித்தளை இறுகி வெடிக்கும். அதனால் கழுத்தை மட்டும் நெருப்பில் வாட்டி இளக்க வேண்டும். அடிப்பகுதியில் சூடு ஏறினால் ஆபத்து என்று மகன் சொன்னபோது, பத்தர் விளக்கம் கேட்கவில்லை. அடிபட்ட உலோகம் இறுகுவதையும், நெருப்புக் காட்டினால் மீண்டும் இளகுவதையும் அறுபது ஆண்டுகளாக அறிந்தவர் அவர்.

மருந்தை அளப்பது கிரெயின் என்னும் நிறையால். ஏழாயிரம் கிரெயின் ஒரு ராத்தல். மகன் ஒரு தோட்டாவுக்கு இடுவது ஏறக்குறைய நாற்பது கிரெயின். பவுன் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு. அதிலும் பத்தில் ஒரு கிரெயின்வரை பார்த்து நிறுக்கிறான். ஆலைத் தோட்டாவுக்கு அச்சிட்ட அட்டவணை உண்டு. காட்டுப்பூனைக்கு நம்பத்தக்க கணக்கு அரிது. ஆகவே குறைந்த அளவில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் குப்பியின் அடியைச் சோதித்து, சிறிது சிறிதாகவே ஏற வேண்டும்.

"அளவு தவறினால்?"

"கண் போகும், கை போகும், அப்பா. உயிரும் போகலாம்."

பத்தர் நெடுநேரம் கடலைப் பார்த்தார். "அங்கே அரசாங்கம் இதை விட்டுவிடுகிறதா?" என்றார். 1996க்குப்பின் அங்கும் சட்டம் கடுமையானது. தக்க காரணமும் உரிமமும் வேண்டும். தான் ஒரு குறிசுடும் மன்றத்தில் உறுப்பினன் என்றான் மகன். சட்டமே தோட்டாக்களைப் பிறப்பித்த கதையையும் கூறினான். 1907ஆம் ஆண்டளவில், கலகக்காரர் கைக்குப் போகுமென்று அஞ்சி, ஆங்கில அரசு இந்தியாவில் பாயிண்ட் 450 துப்பாக்கிகளைத் தடுத்தது. உடனே இலண்டன் கொல்லர்கள் 465, 470 என்று வேறு அளவுகளைப் படைத்தனர். படையின் பாயிண்ட் 303 பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால், இந்திய ஆலைகள் அவர்களுக்கெனப் பாயிண்ட் 315 துப்பாக்கியைச் செய்தன.

பத்தர் இதனைக் கேட்டுச் சிரிக்கவில்லை. 1963இல் இந்தியாவில் தங்கக் கட்டுப்பாடு வந்து, பதினான்கு காரட்டுக்கு மேல் நகை செய்யலாகாது என்றபோது, ஊரில் அவருடைய சிற்றப்பா பட்டறையைப் பூட்டியதை அவர் மறக்கவில்லை. "சட்டம் ஒரு வழியை அடைத்தால் கைத்தொழிலாளி மறு வழி தேடுவான். வழி கிடைத்ததாலேயே அது நல்ல வழி ஆகிவிடாது, தம்பி" என்றார்.

மகன் மறுக்கவில்லை. தான் எந்த உயிரையும் சுட்டதில்லை என்றும், தாளில் வரைந்த வட்டமே தன் இலக்கு என்றும் மட்டும் சொன்னான்.

"ஒரு தாளைத் துளைக்க இத்தனை பாடா?"

"மூக்குத்தி இல்லாமலும் மூச்சு விடலாமே, அப்பா. நீங்கள் ஒரு மூக்குத்திக்கு மூன்று நாள் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்."

துப்பாக்கி பத்தருக்கு அன்றும் உவப்பாகவில்லை, பின்னரும் ஆகவில்லை. எனினும், பட்டறை தம்மோடு அழிந்தது என்னும் எண்ணம் அன்று மாலை அவரை விட்டகன்றது. வேலை வேறாயினும், கண்ணும் கையும் பொறுமையும் அவருடையவை என்பதை அவர் கண்டுகொண்டார்.

மகன் புறப்படும் நாளில் தேக்குப் பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். மகன் திறந்து பார்த்தான். தராசை வைத்துக்கொண்டு குன்றிமணிகளை மட்டும் திருப்பித் தந்தான். நஞ்சுள்ள விதை, அந்நாட்டு எல்லையில் அனுமதிக்க மாட்டார்கள் என்றான். ஓரிடத்தில் மருந்துக்குத் தடை. மற்றோரிடத்தில் மணிக்குத் தடை. பத்தர் ஒரு மணியை எடுத்துத் தட்டில் வைத்து, "இது உன் கணக்கில் எவ்வளவு?" என்று கேட்டார்.

"ஏறக்குறைய இரண்டு கிரெயின், அப்பா. கிரெயின் என்பதும் ஒரு தானியமணியின் பெயர்தான்."

குன்றிமணிகள் பினாங்கில் இருக்கின்றன. தராசு கடல் கடந்துவிட்டது.