பொடி மீன் கணக்கு

இராமேசுவரம் தீவின் மீனவர்களுக்குக் கடல் இரண்டு. பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்றில் இது தலைகீழாகும். தீவைச் சுற்றி என்னென்ன மீன் உண்டு என்று எழுத வருகிறவர் ஒரு பருவத்தில் ஒரு கரையை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், பாதித் தீவைத்தான் பார்த்திருக்கிறார்.

கரைவலையின் மடியை மணலில் அவிழ்த்ததும் சீலாவும் பாரையும் விளமீனும் தனியே போய்விடும். மிச்சம் பொடி. நான் உட்காருவது அந்தக் குவியலுக்குப் பக்கத்தில்தான். காரல் என்ற ஒரே பெயரில் கூடைக்குள் விழுவதில் எத்தனை இனங்கள்! வாயை மெல்லப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். சிலவற்றின் வாய் கீழ்நோக்கி நீளும், சிலவற்றுக்கு மேல்நோக்கி, வேறு சிலவற்றுக்கு நேர் முன்னால். முன்னால் நீளும் வாயில் கோரைப்பல்லும் இருந்தால் அது தனிப் பேரினம். காரலின் உணவுக்குழாயைச் சுற்றி, ஒளிவிடும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் ஓர் உறுப்பு உண்டு. உள்ளங்கையில் அடங்கும் மீனுக்குள் ஒரு விளக்கு! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கரைவலைக்குச் சிக்காதவை இன்னும் சிறியவை: பவளப்பாரின் இடுக்குகளில் ஒட்டி வாழும், விரல் நீளம்கூட இல்லாத உழுவைகள். நீந்திக்கொண்டே எண்ணுகிறவர் கண்ணிலும் இவை படுவது அரிது. ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டுகளில் சிறு பரப்பை நெருங்கிய கண்ணுள்ள வலையால் மூடி, கிராம்பெண்ணெய்க் கரைசலைப் பீய்ச்சி, மயங்கிய மீன்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். அங்குள்ள ஒரு குட்டி உழுவையின் செவிக்கல்லில் நாளுக்கொன்றாகப் படியும் வளையங்களை எண்ணி, அதன் ஆயுள் அதிகம் போனால் 59 நாள் என்று 2005இல் அறிவித்தார்கள். அதிலும் முதல் மூன்று வாரம் நடுநீரில் மிதக்கும் குஞ்சுப் பருவம். பவளப்பாரில் இரையாகும் மீன் சதையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை இத்தகைய பொடிகளே தருகின்றன என்றது 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு. பிறந்த வேகத்தில் வளர்ந்து, வளர்ந்த வேகத்தில் இரையாகி, பெரிய மீன்களைப் பிழைக்க வைப்பவை இவைதான்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாயின. அங்கே அனுமதியின்றி இறங்கக் கூடாது. அது சரியான கட்டுப்பாடு. ஆனால் கரையில் குவியும் பொடியைப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அதை ‘மற்றவை’ என்று ஒரே வரியில் முடிக்கும் கணக்கெடுப்பை நான் கணக்கெடுப்பாகவே ஏற்க மாட்டேன்.

கடலோரக் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளே, மடி அவிழும் நேரத்தில் போய் நில்லுங்கள். குவியல் மீன்தூள் ஆலைக்குப் போகுமுன் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கிப் பிரித்துப் பாருங்கள். வலை இழுத்தவர் சொல்லும் பெயரையும் மறக்காமல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.