பனி பூட்டிய வீட்டில் பின்னிய கம்பளி

ஆறு மாதம் வெளியுலகத் தொடர்பற்றுக் கிடந்த லாஹௌல் பள்ளத்தாக்குப் பெண்கள், அந்தக் காலத்தைக் காலுறையாகவும் கையுறையாகவும் தொப்பியாகவும் மாற்றினார்கள். இப்போது கதவு திறந்துவிட்டது. ஊசிகளின் கதி?

ஜனவரி மாதத்தில் ஒருநாள் மணாலியில் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு கிளம்பினால், பனிப்புயல் குறுக்கிடாத பட்சத்தில், மதியச் சாப்பாட்டுக்குக் கேலாங் போய்விடலாம். தூரம் எழுபது கிலோமீட்டர் சொச்சம்தான். சமவெளிக்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் 2020 அக்டோபர் 3ஆம் தேதிக்கு முன்பு இது நடக்காத காரியம். அன்றுதான் ரோதாங் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீளத்துக்குக் குடையப்பட்ட அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது.

அதற்கு முன் லாஹௌலுக்கு முக்கிய வாசல், 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரோதாங்தான். நவம்பர், டிசம்பரில் பனி விழுந்து கணவாய் மூடினால் மறுபடி திறக்க ஏப்ரலோ மே மாதமோ ஆகும். இடைப்பட்ட நாட்களில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அரசு ஹெலிகாப்டரை நம்ப வேண்டும். அதுவும் வானம் தெளிந்தால்தான். அரிசி, மண்ணெண்ணெய், விறகு, உலர்ந்த காய், உப்புக் கண்டம் எல்லாம் முன்கூட்டியே வீட்டுக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இவற்றோடு மூட்டையில் கம்பளியும்.

சுரங்கத்தின் தென்வாயில் தேவதாரு மரங்களின் பச்சை. வடவாயிலில் வெளியே வந்தால் வேறு நாடு. மழை மறைவுப் பிரதேசம். மரங்கள் குறைந்து, மலைகள் எலும்பும் தோலுமாகத் தெரிகின்றன. கீழே சந்திரா நதி. கேலாங்கைத் தொட்டுக்கொண்டு வரும் பாகா நதியோடு அது தாண்டி என்ற இடத்தில் கலந்து சந்திரபாகாவாகி, இன்னும் கீழே போய் செனாப் என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. லாஹௌலும் ஸ்பிதியும் சேர்ந்த இந்த மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 31,564 பேர்தான் இருந்தார்கள். சென்னையில் ஒரு வார்டு தேர்தலுக்குக்கூட இதைவிடக் கூட்டம் சேரும்.

குளிர்காலத்தில் இந்த ஊர்களின் வாழ்க்கை ஒரே அறைக்குள் சுருங்கிவிடும். நடுவில் தகரப் புகைபோக்கி வைத்த தந்தூர் அடுப்பு. அதைச் சுற்றி முழுக் குடும்பமும். வயலில் வேலை கிடையாது. மொட்டை மாடியில் விழும் பனியைத் தள்ளிவிடுவதும், ஆடு மாடுகளுக்குத் தீனி போடுவதும், ஹால்தா, ஃபாக்லி போன்ற பண்டிகைகளுமே வெளி வேலைகள். மீதி நேரமெல்லாம் கைக்குச் சொந்தம். ஆண்கள் தக்ளியில் கம்பளி நூற்பார்கள். பெண்கள் பின்னுவார்கள்.

இங்கே ஒரு ஆச்சரியம் இருக்கிறது. லாஹௌல் பாட்டிமார்களின் விரலோடு பிறந்ததுபோல் தோன்றும் இந்தப் பின்னல் வேலை, இந்த மண்ணில் பிறந்ததல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மொரேவியன் திருச்சபையைச் சேர்ந்த இரண்டு பாதிரிமார்கள் 1850களில் இமயமலைக்கு வந்தார்கள். அவர்கள் போக நினைத்தது மங்கோலியாவுக்கு. திபெத்துக்குள் நுழைய அனுமதி கிடைக்காமல் போகவே, 1856ல் கேலாங்கில் தங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹைடேயை மணக்க 1859ல் வந்து சேர்ந்தவர் மரியா ஹைடே. ஐரோப்பியக் கிராமத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாதாரண வித்தை அவருக்கும் தெரிந்திருந்தது. காலுறை பின்னுவது. உள்ளூர்ப் பெண்களைக் கூட்டிவைத்து அதைச் சொல்லிக் கொடுத்தார்.

ஹைடே தம்பதிகள் கேலாங்கில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இருந்தார்கள். மதம் மாறியவர்கள் வெகு சிலரே. ஆனால் பின்னல் ஊசிகள் எல்லா வீட்டுக்குள்ளும் போய்விட்டன. அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. இந்த மண்ணில் கம்பளி இருந்தது. குளிர் இருந்தது. வேலையற்ற ஆறு மாதம் இருந்தது. இல்லாதது இரண்டு ஊசிகளும், அவற்றைப் பிடிக்கச் சொல்லித்தர ஒருத்தியும்தான்.

அதே கேலாங்கில் அதே காலத்தில் இன்னொருவரும் வேறுவிதமாகப் பின்னிக்கொண்டிருந்தார். ஹைன்ரிஷ் ஆகஸ்ட் யேஷ்கே என்ற பன்மொழி அறிஞர். பதினோரு ஆண்டுகள் இங்கே தங்கி திபெத்திய மொழியைக் கற்றார். 1881ல் வெளிவந்த அவருடைய திபெத்திய ஆங்கில அகராதி அத்துறை அறிஞர்களின் கைநூலானது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு கேலாங் இந்த வகையிலும் ஒரு க்ஷேத்திரம். ஆனால் அகராதி நூலகங்களுக்குப் போயிற்று. காலுறை சமையலறைக்குப் போயிற்று. எது ஊரில் வேர் பிடித்தது என்று சொல்லத் தேவையில்லை.

வந்த வித்தையை லாஹௌல் பெண்கள் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று ஆட்டின் நிறத்தோடு வரும் கம்பளியில், அடுக்கடுக்காக சிவப்பு, பச்சை, மஞ்சள் கோலங்கள். சதுரம், முக்கோணம், நட்சத்திரம். வரைபடம் எதுவும் கிடையாது. வாசலில் கோலம் போடுகிறவள் எப்படிப் புள்ளிகளை மனசுக்குள் எண்ணுகிறாளோ அப்படியே கண்ணிகளை எண்ணுகிறார்கள். ஒரு வரிசையில் ஒரு கண்ணி தவறினால் பத்து வரிசை தள்ளி நட்சத்திரம் கோணும். அப்போது அத்தனையையும் பிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

தமிழில் 'பின்னு' என்ற ஒரே சொல் சடைக்கும் கூடைக்கும் கீற்றுக்கும் கம்பளிக்கும் போதுமானதாக இருக்கிறது. திருப்பூர் வந்த பிறகு 'பின்னலாடை' என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. திருப்பூர் பனியனையும் லாஹௌல் காலுறையையும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அமைப்பு ஒன்றுதான்: ஒரு வளையத்துக்குள் நுழைந்து வரும் இன்னொரு வளையம். நெய்த துணி இழுத்தால் அவ்வளவாக நீளாது. பின்னிய துணி நீண்டு, பழையபடி சுருங்கும். காலும் கையும் தலையும் அதைக் கேட்பது அதனால்தான். வித்தியாசம் வேகத்தில். திருப்பூரின் வட்ட இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே சமயத்தில் இறங்கி ஏறுகின்றன. கேலாங்கில் ஒரு சமயத்தில் ஒரு கண்ணி.

மணாலி கடைத்தெருவில் மாலை வேளைகளில் நடைபாதையோரம் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் இப்போது காலுறையைவிட அதிகமாகக் கண்ணில் படுவது தொப்பிகள். குல்லாய், காது மறைக்கும் தொப்பி, இவற்றோடு தட்டு போல் வட்டமாக ஒரு பக்கம் சரியும் 'பெரே'. இதை நம் என்.சி.சி. மாணவர்கள் எழுத்துக்கு எழுத்து 'பெரட்' என்பார்கள். சே குவேரா தலையில், 1960ல் ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்த புகைப்படத்தில், உலகமே பார்த்த தொப்பி. பாரிஸ் நாகரிகத்தின் சின்னமாகப் பெயரெடுத்த இதன் பூர்வீகம் பாரிஸ் அல்ல. பிரான்சின் தென்மேற்கு மூலையில், பிரனீஸ் மலையடிவாரத்து பேர்ன் பகுதி ஆட்டிடையர்களின் மழைத் தொப்பி அது. பெரிதாகப் பின்னி, சோப்பு போட்ட வெந்நீரில் அலசி அலசிக் கசக்குவார்கள். கம்பளி இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கெட்டிப்பட்டு, கண்ணிகள் மறைந்து, தண்ணீர் புகாத கனத்த துணியாகிவிடும். ஆலைகள் வந்தது பிறகுதான். அப்பகுதியின் பழைய ஆலைகளில் ஒன்றான லோலேர் 1840ல் தொடங்கியது.

இடையர் மலையிலிருந்து புறப்பட்ட தொப்பி இன்னொரு இடையர் மலைக்கு வந்து சேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கோடையில் கத்தி இடையர்கள் தங்கள் ஆட்டு மந்தைகளைக் கணவாய் தாண்டி ஓட்டி வருவது லாஹௌலின் மேய்ச்சல் வெளிகளுக்குத்தான்.

காலுறை பின்னத் தெரிந்த கைக்கு பெரே புதிதல்ல. காலுறையின் நுனியில் கட்டைவிரல் பக்கம் வட்டத்தை எப்படி மூடுகிறோமோ, அதையே அகலமாகச் செய்தால் பெரே. டெல்லி அரசாங்கக் குடியிருப்புகளின் மொட்டை மாடி வெயிலில், பஞ்சாபி மாமிகளிடம் 'ஏக் சீதா, ஏக் உல்டா' என்று பாடம் கேட்ட தமிழ்ப் பெண்கள் இதை வீட்டிலேயே முயன்று பார்க்கலாம். நடுத்தரக் கனமுள்ள கம்பளி நூல் நூறு கிராம் தாராளம். பத்தாம் நம்பர் ஊசியில் 96 கண்ணிகள் போட்டு வட்டமாக இணைத்து, ஒன்று சீதா ஒன்று உல்டாவாக மூன்று சென்டிமீட்டர் பட்டை. இது நெற்றியைப் பிடிக்கும். பிறகு எட்டாம் நம்பர் ஊசிக்கு மாறி, இரண்டு கண்ணிக்கு ஒன்று வீதம் புதுக் கண்ணி கூட்டினால் 144. ஐந்தாறு சென்டிமீட்டர் அப்படியே போக வேண்டும்.

இனி மூடுவது. 144ஐ எட்டுப் பங்காகப் பிரித்தால் பங்குக்குப் பதினெட்டு. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, ஒவ்வொரு பங்கின் கடைசியிலும் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னினால் ஒரு தடவைக்கு எட்டுக் கண்ணி குறையும். எட்டு மட்டும் மிஞ்சும்போது நூலை அறுத்து, கண்ணிகளுக்குள் கோத்து இழுத்துக் கட்டிவிட வேண்டியது. இந்த நிலையில் அது தொப்பி போலவே இருக்காது. சோர்ந்துபோன பை போல இருக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பிழியாமல் அழுத்தி ஈரம் எடுத்து, 25 சென்டிமீட்டர் அகலமுள்ள சாப்பாட்டுத் தட்டின் மேல் மாட்டி நிழலில் உலர்த்தினால் மறுநாள் பெரே. ஆட்டுக் கம்பளிக்கு இந்த ஞாபகசக்தி உண்டு. விலை மலிவான அக்ரிலிக் நூலுக்குக் கிடையாது.

பழகிய கைக்கு இது சில மாலைப் பொழுதுகளின் வேலை. கோலம் போட்ட ஒரு ஜோடி காலுறைக்கு அதைவிட அதிக நாள் பிடிக்கும். கடைத்தெருவில் இரண்டும் அருகருகே கிடக்கின்றன. சுற்றுலாப் பயணி ஒருவர் காலுறையை எடுத்துப் பார்க்கிறார். விலையைக் கேட்டுக் கீழே போடுகிறார். 'கையால் பின்னியது, பெஹன்ஜி' என்கிறார் விற்கிற பெண். பக்கத்துக் கடையில் லூதியானா இயந்திரத்தில் செய்தது பாதி விலைக்குக் கிடைக்கிறது. கடைசியில் பேரம் படிகிறது. படிந்த தொகையிலிருந்து நூல் செலவைக் கழித்து, செலவான நாட்களால் வகுத்துப் பார்த்தால் சாலை போடும் வேலையின் நாட்கூலிகூடத் தேறாது.

இந்தக் கணக்கை முன்பு யாரும் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. பனி பூட்டிய வீட்டில் நேரத்துக்கு விலை கிடையாது. விற்க ஆளும் கிடையாது. புருஷனுக்கு, பிள்ளைக்கு, கல்யாணமாகிப் போகும் மகளுக்கு என்று பின்னியதுதான் அதிகம். 2021ல் லாஹௌல் காலுறைக்கும் கையுறைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. வேறு ஊரில் செய்ததை இந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று சட்டம் சொல்லும். ஆனால் இன்ன விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லாது.

குறியீடு வந்த சமயத்தில் குளிர்காலமே மாறத் தொடங்கியிருந்தது. சுரங்கத்தின் வாயிலுக்கு அருகிலுள்ள சிஸ்ஸுவில் பனி பார்க்க ஜனவரியிலும் கார்கள் வருகின்றன. வீட்டின் மேல் தளம் விருந்தினர் அறையாகிறது. ஓய்ந்திருந்த கைகளுக்குத் தேநீர் போட, படுக்கை விரிக்க, ரொட்டி சுட வேலை வந்துவிட்டது. படித்த பெண்கள் குல்லூவிலும் சண்டிகரிலும் வேலை தேடுகிறார்கள். அவர்களிடம் போய் உங்கள் பாட்டியின் கலையைக் காப்பாற்றுங்கள் என்று உபதேசம் செய்ய நமக்கு உரிமை இல்லை. பிரசவ வலியோடு ஹெலிகாப்டருக்காக வானத்தைப் பார்த்துக் கிடந்த காலத்தையும் சேர்த்துத்தானே அந்தக் கலை வந்தது? கணவாய் மறுபடி மூடட்டும் என்று லாஹௌலில் யாரும் வேண்டிக்கொள்ளப் போவதில்லை.

பின்னல் நிலைக்க வேண்டுமானால் அதற்கு வழி பழைய குளிர்காலம் அல்ல. அன்று இலவசமாக இருந்த நேரத்துக்கு இன்று விலை கொடுத்தாக வேண்டும். அதை மகளிர் குழுக்கள் நிர்ணயிக்கலாம், கூட்டுறவுக் கடை தாங்கலாம். கடைசியில் கொடுக்க வேண்டியது வாங்குகிறவர். வீட்டில் ஒரே ஒரு பெரே பின்னிப் பார்த்தவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டாம். பதினேழு தடவை கண்ணி குறைத்து, நடுவில் ஒன்று நழுவி, பிரித்து, மறுபடி எண்ணிய விரல்களுக்கு, மணாலி நடைபாதையில் பாதி விலைக்குக் கேட்க நாக்கு எழாது.