மணல் பார்க்கும் ஞாயிறு

லாயத்துக்குள் நுழைந்ததும் முதலில் லத்தியைத்தான் பார்ப்பேன். விடிய இன்னும் நேரமிருக்கும். செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்து, ராத்திரி எத்தனை இடத்தில் போட்டிருக்கிறாள், உருண்டை உருண்டையாக இருக்கிறதா, செருப்பு நுனியால் தட்டினால் உடைகிறதா என்று பார்ப்பேன். நல்ல உடம்போடு இருக்கிற குதிரை நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை போடும். நாலைந்து குவியல் கண்ணில் பட்டுவிட்டால் மனசு நிறைந்துவிடும். அடுத்தது தண்ணீர்த் தொட்டி. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரலால் அளந்து பார்த்த பிறகுதான் அவள் முகத்துக்கு வருவேன். அதுவரை அவளும் பொறுமையாக நின்று, மூக்கால் என் தோள்பையை முகர்ந்துகொண்டிருப்பாள்.

முட்டுக்காடு பாலம் தாண்டி, சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கிறது லாயம். திருவான்மியூரில் வீடு, காலை ஒன்பதரைக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும். வாரத்தில் நான்கு காலைகள் நாலேகால் மணிக்கு அலாரம் வைத்து எழுந்து வருகிறேன். அவளுடைய மாதச் செலவில் பாதி என் பங்கு. புனே பக்கம் ஒரு பண்ணையில் பிறந்து, இரண்டு வயதில் பந்தயத்தில் ஓடத் தொடங்கி, ஐந்து வயதில் முழங்கால் வீங்கி ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரை. இப்போது வயது 13. உயரம் 15.2 கை. கை என்றால் நான்கு அங்குலம். புள்ளிக்குப் பின்னால் வருவது தனி அங்குலம். ஆக 62 அங்குலம். உடம்பு செம்பழுப்பு, பிடரியும் வாலும் கறுப்பு.

குதிரை ஏறப் போகிறேன் என்றால் அலுவலகத்தில் எல்லாரும் வேகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் அவள் மேல் உட்கார்ந்திருப்பது முக்கால் மணி நேரம். மற்ற இரண்டு மணி நேரம் தரையில் நின்றுதான். தேய்ப்பது, குளம்பு சுத்தம் செய்வது, சேணம் கட்டுவது, ஆற நடத்துவது, குளிப்பாட்டுவது. நாற்பது வயதில் சேர்ந்த புதிதில் இந்த இரண்டு மணி நேரத்தையும் சவாரிக்குக் கட்டுகிற வரி என்று நினைத்தேன். ஆறு வருஷம் ஆகிறது. இன்று அந்த முக்கால் மணி நேரத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னால் யோசித்துச் சரி என்பேன்; இந்த இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுக்க முடியாது.

குளம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தோளோடு தோள் ஒட்டி நின்று, கையை முன்னங்காலின் பின்புறமாக இறக்கி, கணுக்காலுக்கு மேலே லேசாகக் கிள்ளினால் காலைத் தூக்கிக் கொடுப்பாள். 440 கிலோ உடம்பு. அதில் ஒரு காலை நம்பி என் கையில் வைக்கிறாள். குளம்பின் அடியில் ஆப்பு வடிவத்தில் ரப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்கும். அதன் இருபுறமும் பள்ளம். அந்தப் பள்ளத்தில் லத்தியும் மணலும் கெட்டித்துப்போய் உட்கார்ந்திருக்கும். கொக்கியால் குதிகால் பக்கமிருந்து நுனியை நோக்கி வழிக்க வேண்டும். திருப்பி வழித்தால் மெல்லிய இடத்தில் குத்திவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பள்ளம் கறுத்து நாறத் தொடங்கும். நாற்றம் வந்த அன்றே கண்டுபிடித்தால் நாலு நாளில் ஆறும். விட்டால் நொண்டுவாள். லாடக்காரர் ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். இடைப்பட்ட நாளெல்லாம் மூக்குதான் வைத்தியர்.

சவாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதில் எனக்கு ஆசை குறைந்துவிடவில்லை. குதிரை ட்ராட் போகும்போது கால்கள் மூலைக்கு மூலை சேர்ந்து விழும். வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் ஒரு தட்டு, மற்ற இரண்டும் அடுத்த தட்டு. வட்டத்தில் போகையில் வெளிப்பக்கத் தோள் முன்னே போகிறபோது நாம் எழ வேண்டும், திரும்புகிறபோது உட்கார வேண்டும். குனிந்து பார்க்காமலே அது எந்தத் தோள் என்று இடுப்புக்குத் தெரிய எனக்கு ஏழு மாதம் ஆனது. நிறுத்துவது அதைவிடக் கஷ்டம். பந்தயத்தில் வளர்ந்தவள், கடிவாளத்தை இழுத்தால் சாய்ந்துகொள்ளப் பிடி கிடைத்துவிட்டது, இன்னும் ஓடு என்றுதான் எடுத்துக்கொள்வாள். இழுக்க இழுக்க ஓடுவாள். சவாரி சொல்லித்தரும் மாஸ்டர் மைதானத்தின் நடுவிலிருந்து, "கையை விடுங்க, மூச்ச விடுங்க" என்று கத்திக்கொண்டே இருப்பார். ஒரு மார்கழிக் காலையில் கை மரத்துப்போய், இனி இழுக்கத் தெம்பில்லை என்று மூச்சை நீளமாக விட்டு, உடம்பைச் சேணத்துக்குள் கனக்க வைத்து, விரல்களைத் தளர்த்தினேன். இரண்டு எட்டில் நடைக்கு வந்துவிட்டாள். காதுகள் இரண்டும் என் பக்கம் திரும்பியிருந்தன.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோவில் வாசலில் 30 அடிக்கும் மேலாக நிற்கிறதே அந்தக் குதிரை, அதன் முன்னங்கால்களுக்கு நடுவில் அண்ணாந்து பார்த்துத்தான் வளர்ந்தேன். மாசி மகத்துக்குக் காகிதப்பூ மாலையாகச் சாத்திச் சாத்திக் குதிரையே தெரியாமல் மூடிவிடுவார்கள். ஊருக்கு ஊர் மண்குதிரை, மண்டபத்துக்கு மண்டபம் கல்குதிரை. மாணிக்கவாசகர் கதையே பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன பணத்தில்தான் ஆரம்பிக்கிறது. குதிரை மேல் நமக்கு அவ்வளவு ஆசை. ஆனால் உயிருள்ள குதிரையை இந்த மண்ணில் வைத்துக் காப்பாற்றுவது வேறு காரியம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ அதை எழுதி வைத்திருக்கிறார். அரேபிய, பாரசீகக் கரைகளிலிருந்து வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்குமாம். வருஷம் முடிவதற்குள் மிஞ்சுவது நூறுகூட இருக்காதாம். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை; வேக வைத்த சோற்றையும் இறைச்சியையும் போடுகிறார்கள்; விற்கிற வியாபாரிகளோ, குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம் என்று வைத்தியம் தெரிந்த ஆட்களை இங்கே வர விடுவதில்லை என்கிறார். வெளியூர்க்காரர் கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆனால் மே மாதச் சென்னையில் ஒரு குதிரையோடு நின்று பார்த்தால் நம்பத் தோன்றும். என் குதிரையின் முன்னோர்களிலும் அரபுக் குதிரைகள் உண்டு. உலகத்துத் தரோபிரெட்டுகளின் தகப்பன்வழி எல்லாம் மூன்றே மூன்று குதிரைகளில் போய் முடிகிறது. அவற்றில் ஒன்று 1704இல் அலெப்போவிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. அந்தக் கப்பல் குதிரைகளை எனக்குத் தூரத்து உறவாகவே நினைத்துக்கொள்கிறேன்.

மனிதனைப் போல உடம்பெல்லாம் வேர்த்து ஆறுகிற மிருகம் குதிரை. இந்தக் கடலோரப் புழுக்கத்தில் வேர்வை காய்வதே இல்லை. சில குதிரைகளுக்கு வேர்க்கும் திறனே மெல்ல மெல்ல வற்றிவிடும்; மூச்சு மட்டும் இரைக்கும், தோல் காய்ந்து கிடக்கும். அப்படி ஆகிவிட்டால் சின்ன வெயிலே ஆபத்து. அதனால் சேணத்தைக் கழற்றியதும் அந்த இடத்தில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக வேர்வை பூத்திருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு தண்ணீர் ஊற்றி, பட்டையால் வழித்து, மறுபடி ஊற்றி, மின்விசிறிக்கு முன்னால் நிறுத்துவோம். சித்திரை, வைகாசியில் ஆறரை மணிக்கு மேல் யாரும் குதிரை ஏறுவதில்லை.

மூன்று வருஷம் முன்பு அப்படி ஒரு மே மாதச் சனிக்கிழமை. ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு, குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் அண்ணன் போன் செய்தார். அவருடைய அப்பாவும் லாயத்தில் வேலை பார்த்தவர். குதிரை கனைப்பதை வைத்தே எந்தக் குதிரை, எதற்கு என்று சொல்லிவிடுவார். அவர் குரலில் பதற்றம் கேட்டது அன்றுதான். "அம்மா, வச்ச தீனி அப்படியே கெடக்கு. வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குது. உருளப் பாக்குது."

நான் போய்ச் சேர்ந்தபோது முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தாள். மேலுதட்டைச் சுருட்டுகிறாள், விலாவைப் பார்க்கிறாள், மறுபடி பறிக்கிறாள். தாடைக்கு அடியில் நாடி ஓடும் இடத்தில் விரல் வைத்து எண்ணினேன். நிமிஷத்துக்கு 64. சும்மா நிற்கிற குதிரைக்கு 44ஐத் தாண்டக் கூடாது. விலாவில் காதை ஒட்டினேன். மற்ற நாளில் அங்கே குழாயில் தண்ணீர் இறங்குகிற மாதிரி, எங்கோ தூரத்தில் இடி உருளுகிற மாதிரி ஓயாமல் சத்தம் கேட்கும். அன்று இடது பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை.

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. இவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை சின்னது, குடலோ 30 மீட்டருக்குக் கிட்ட நீளம். எங்காவது அடைத்தால் போக வழி ஒன்றுதான். வயிற்றுவலியில் குதிரை செத்துப்போவது அதிசயமே இல்லை. மருத்துவர் செங்கல்பட்டிலிருந்து வர வேண்டும். வருகிறவரை உருள விடாமல் நடத்துங்கள் என்றார். நானும் அண்ணனும் மாற்றி மாற்றி நடத்தினோம். சவுக்குத் தோப்பு ஓரமாகப் போய், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, திரும்பி. அவள் முழங்கால் மடங்குகிறபோதெல்லாம் அண்ணன் கழுத்துக்கு அடியில் தோளைக் கொடுத்து நிமிர்த்துவார். அவள் வேர்வை என் சட்டையில் ஊறி இருந்தது. என்னென்னவோ பேசிக்கொண்டே நடந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

மருத்துவர் நள்ளிரவு தாண்டி வந்தார். வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாக நீளக் குழாயை வயிற்றுக்குள் இறக்கி, லிக்விட் பாரஃபின் எண்ணெய் 4 லிட்டர் ஊற்றினார். அதற்கு முன்பு, தோள்வரை நீண்ட பிளாஸ்டிக் கையுறையோடு உள்ளே கைவிட்டுப் பார்த்தவர், கையில் வந்த கொஞ்சம் லத்தியை வேறொரு கையுறைக்குள் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, முடிச்சுப் போட்டு ஆணியில் தொங்கவிட்டார். எனக்கு எதற்கென்று புரியவில்லை. பத்து நிமிஷம் கழித்து, "இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டு டார்ச் அடித்தார். கையுறையின் ஐந்து விரல்களிலும் பாதிவரை மணல் இறங்கி நின்றது.

கடலோர மணல். புல்லைத் தரையில் போடுகிறோம்; அவள் உதட்டால் துழாவிக் கடைசித் துணுக்குவரை பொறுக்குகிறாள்; ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் மணல் சேர்ந்து போகிறது. கனமான பொருள், பெருங்குடலின் அடியில் தங்கிவிடுகிறது. இப்படி மாதக்கணக்காகச் சேர்ந்திருக்கும் என்றார் மருத்துவர். மைதானத்து ஓரத்தில் சேணத்தைக் கழற்றிவிட்டு, குதிரை மசால் தீவனக் கட்டை அவிழ்த்து அவள் காலடியில் உதறியது நான்தான். அவளுக்குப் பிடிக்குமே என்று ஆசை ஆசையாக வாங்கிப்போவேன். ஒரு நாள் விடாமல் அதைச் செய்திருக்கிறேன்.

ஊசிக்குப் பிறகு நாடி 52க்கு இறங்கியது. உருளுவதை விட்டுவிட்டாள். மருத்துவர் கிளம்பிய பிறகும் நாங்கள் உட்காரவில்லை. அரைமணிக்கு ஒருமுறை நடத்துவது, விலாவில் காது வைப்பது, உதட்டைத் தூக்கி ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றரைக்கு வலது பக்கத்தில் ஒரு சின்ன சத்தம் கேட்டது, புட்டியில் தண்ணீர் குலுங்குகிற மாதிரி. அண்ணனையும் காது வைக்கச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். ஐந்தே கால் இருக்கும், தொட்டி ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது நின்றாள். வாலைத் தூக்கினாள். அண்ணன் ஓடிப்போய்க் கீழே உட்கார்ந்து டார்ச் அடித்தார். நாலே நாலு சின்ன உருண்டை, காய்ந்து, கையில் நெறுநெறுவென்று.

"போட்டுட்டாம்மா."

அவர் அழுதார். நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். கிழக்கே கடல் பக்கம் வெளுத்திருந்தது. எண்ணெய் மறுநாள் சாயங்காலம்தான் இறங்கியது, கூடவே கைப்பிடி கைப்பிடியாக மணல்.

இப்போது கொட்டடித் தரை முழுக்க ரப்பர் விரிப்பு. தீனி எல்லாம் அகலமான தொட்டியில், அதற்கு அடியிலும் விரிப்பு. குதிரை மசாலை வலைப்பையில் கட்டி நெஞ்சு உயரத்தில் தொங்கவிடுகிறோம். மாதத்தில் ஒரு வாரம் ஊறவைத்த தவிட்டில் இசப்கோல் கலந்து கொடுக்கிறோம்; வீட்டில் மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற அதே உமிதான். அது வழவழவென்று ஊறி மணலை வழித்துக்கொண்டு வரும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். முதலில் முகம் சுளித்தாள். வெல்லம் சேர்த்த பிறகு தொட்டியை நக்கித் துடைக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சவாரி முடிந்து, அவளை ஆற நடத்தி, குளிப்பாட்டிக் கட்டியதும் புதிதாக விழுந்த லத்தியில் தரை படாத ஆறு உருண்டையை எடுத்துக் கையுறைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றுவேன். முடிச்சுப் போட்டு, சேணங்கள் மாட்டுகிற ஆணி வரிசையில் கடைசி ஆணியில் தொங்கவிட்டு, அண்ணனோடு டீ குடிப்பேன். டீ முடிவதற்குள் மணல் இறங்கிவிடும். போன வாரம் நடுவிரலில் ஒரு நகக்கண் அளவு இருந்தது. இன்றைக்கு அண்ணன் எனக்கு முன்பே எழுந்து போய், கையுறையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் தட்டிப் பார்த்தார். சுண்டுவிரலில் ஒரு சிட்டிகை. மற்ற நாலிலும் பச்சைத் தண்ணீர் தெளிந்து நின்றது.