வேனுக்கு ஓர் அஞ்சடி

அப்பா சேமநிதிப் பணத்தில் வாங்கிய பழைய வேனில் கட்டில் போட்டாகிவிட்டது. சன்னலுக்குத் திரை தைத்தாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டியும் ஏற்றியாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒரே கேள்வி. பக்கவாட்டில் ஆவ்னிங் போடுவதா, வேண்டாமா?

"நீதானே தம்பி இன்ஜினியர், சொல்லு" என்றார் அப்பா. முப்பது வருடம் கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். வண்டி விஷயத்தில் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாகவே கணக்குப் போட்டுவிட்டேன்.

தெலுக் பங்லிமா காராங்கில் ஆவ்னிங் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தாமான் வீடு வாங்கியதும் முதலில் கிரில், அடுத்து கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே ஆவ்னிங். வேனுக்குப் போடுவது வேறு மாதிரி. கூரை ஓரத்தில் நீளமான அலுமினியப் பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் துணி உருண்டு வெளியே வரும். இரண்டு கால்களை இறக்கி ஊன்றிவிட்டால் வேலை முடிந்தது. இத்தாலியின் ஃபியாமா, சுவீடனின் தூலே எல்லாம் இதில் பேர் போனவை. அப்பாவுக்கு ஒரு கடையில் சொன்ன விலை, கூலியோடு சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு ரிங்கிட். அந்தக் காசில் நாலு டயரும் மாற்றி பிரேக்கையும் பார்த்துவிடலாம்.

எனக்கு முதல் பயம் காற்று. மூன்று மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் என்றால் 7.5 சதுர மீட்டர் துணி. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அதில் முழுசாக நேரே அடித்தால் சுமார் 14 கிலோ எடைக்குச் சமமான விசை. அதை ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் காற்றின் வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். 60 கிலோமீட்டரில் ஏறக்குறைய 130 கிலோ. எங்கள் கரையில் 60 என்பது கற்பனை இல்லை. 'சுமத்ரா' என்று சொல்கிறார்களே, இரவில் மலாக்கா நீரிணைப் பக்கம் திரண்டு விடிவதற்கு முன் கரையேறும் அந்த இடிமழை வரிசையில் 40 முதல் 80 கிலோமீட்டர் வரை காற்று வீசும். ஆள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து வரும்.

வெயிலுக்காவது உதவுமா என்று பார்த்தேன். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று டிகிரி வடக்கே. மத்தியானம் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்கும், நிழல் காலடியிலேயே விழும். அதுவரை சரி. ஆனால் அப்பா போக ஆசைப்படுவது மோரிப் கடற்கரைக்கு. அது மேற்கு பார்த்த கரை. கடலைப் பார்த்துக் கதவைத் திறந்து வைத்தால் சாயங்கால வெயில் துணிக்கு அடியில் புகுந்து நேராக முகத்தில் அடிக்கும்.

ஆக, வேண்டாம். எக்செல் தாளை வாட்ஸப்பில் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

அக்டோபரில் மூன்று பேரும் மோரிப்புக்குப் போனோம். தண்ணீர் வற்றும்போது வெகுதூரத்துக்குச் சேறாகக் கிடக்கும் கடற்கரை அது. 1945 செப்டம்பர் 9இல் பிரிட்டிஷ் இந்தியப் படை இங்கேதான் கரையிறங்கியது. ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்துவிட்டதால் சுட ஆளில்லை. ஆனால் வண்டிகள் நிறைய சேற்றில் புதைந்துவிட்டன. மேசையில் போட்ட திட்டம் மோரிப் மண்ணில் கால் வைத்ததும் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. எனக்குத்தான் அது அன்று உறைக்கவில்லை.

நாலு மணிக்கு மழை. அம்மா வெளியே மடக்கு மேசையில் சோறு வைத்திருந்தார். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினோம். சாரல் அடித்ததால் அப்பா கதவைச் சாத்தினார். நான் தலையைத் துவட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அம்மா கட்டிலுக்குப் பக்கத்திலேயே கேஸ் அடுப்பை வைத்துப் பற்றவைத்துவிட்டார். மேலே திரை, பக்கத்தில் மெத்தை, சுற்றிலும் மூடிய இரும்புப் பெட்டி. தீகூட கண்ணுக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நான் கத்திவிட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் எங்கதான் சமைக்கிறது?"

என் எக்செல் தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. காற்று இருந்தது, எடை இருந்தது, சூரியனின் கோணம் இருந்தது. அம்மா இல்லை.

அப்பா ஒன்றும் பேசாமல் கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய லோரி கென்வஸை இழுத்தார். வேன் கூரைக் கம்பியில் இரண்டு முடிச்சு, எதிரே இருந்த சவுக்கு மரங்களில் இரண்டு. ஒரு மூலையை மட்டும் தாழ்த்திக் கட்டினார், தண்ணீர் அந்தப் பக்கமாக வழிந்தது. ஒரு சதுர மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 20 கிலோ என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவர் கணக்குப் போடவில்லை, சும்மா தாழ்த்திக் கட்டினார்.

சோறு வெந்தது. "லயத்து அஞ்சடி மாதிரியே இருக்கு" என்றார் அப்பா. அவர் பிறந்தது கேரித்தீவில், லங்காட் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில். பட்டணத்துக் கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்குத் தாழ்வாரம் விட்ட வழக்கத்தில் வந்த வார்த்தை, தோட்டத்தில் வீட்டு வாசலுக்கும் அதே பெயர். விறகு, சைக்கிள், மழைக்கு ஒதுங்கிய ஆடு, வெற்றிலை போடும் கிழவிகள் எல்லாம் அங்கேதான். வீட்டுக்குள்ளே படுக்க மட்டும்தான் போவார்களாம்.

படுக்கப் போகுமுன் கென்வஸை அவிழ்த்து மடித்தார். "விடிகாலையில காத்து வரும்." அன்று வரவில்லை.

திரும்பி வந்து கணக்கை மறுபடி போட்டேன். கிள்ளானில் லோரிக்குக் கென்வஸ் தைக்கும் கடையில் ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்து வாங்கினேன். கூரையோரம் ஓர் அலுமினியத் தடம், அதில் துணியின் ஓரம் நுழையும். இரண்டு கம்பம், நாலு முளை. நானூறு ரிங்கிட்டுக்குள் முடிந்தது. பெருங்காற்று அடித்தால் முதலில் முளைதான் பிடுங்கிக்கொள்ளும், வேன் கூரை பிய்யாது. எனக்கு இதில் திருப்திதான்.

ஒன்றைத் தவிர. பெட்டி ஆவ்னிங்கை ஒரு ஆள் நின்ற இடத்திலிருந்தே சுற்றித் திறந்துவிடலாம். இதற்குக் கையை மேலே தூக்கித் துணியைத் தடத்தில் நுழைக்க வேண்டும். அப்பாவுக்கு 61 வயது, வலது தோள் சரியாகத் தூக்க வராது. நான் எல்லாப் பயணத்துக்கும் கூடப் போக முடியாது. இதைச் சொன்னேன். "கை வராதப்ப அதை வாங்கிக்கலாம்பா" என்றார். அப்போது வேன் ஓட்டத் தோள் வருமா என்று நான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே வேனை நிறுத்தி, சாலையோரமாகத் துணியை விரித்துக் கட்டிப் பார்த்தோம். எங்கள் தாமானில் வாசலில் கொட்டகை நின்றால் கல்யாணம், இல்லையென்றால் சாவு. எங்கள் வீட்டு முன்னால் கடைசியாக நின்றது பாட்டிக்காக. எதிர்வீட்டு அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வேகமாக வந்தார்.

"என்னக்கா, எல்லாரும் நல்லாதானே இருக்கீங்க?"

அம்மா அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. "தேத்தண்ணி கொதிக்குது, உள்ள வா" என்று இன்னொரு நாற்காலியைக் காலால் நகர்த்தினார்.