பாப்பாவுக்கு எந்த இடம்?

வீட்டில் இருப்பது ஒரே ஒரு பைக். அதில் இரண்டரை வயதுப் பாப்பாவை எங்கே உட்கார வைப்பது? இதற்கு எங்கள் வீட்டில் நாலு கட்சிகள்! உங்கள் வீட்டிலும் இந்தச் சர்ச்சை நடந்துகொண்டிருந்தால், கொஞ்சம் காது கொடுங்கள்.

எங்கள் ஆமத்தூர், விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் இருக்கிறது. பிறந்த வீட்டுக்கு விருதுநகர் போனாலும் சரி, இருக்கன்குடி மாரியம்மனைத் தரிசிக்கப் போனாலும் சரி, பைக்தான் கதி. சாலையிலோ பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள், பண்டல் ஏற்றிய லாரிகள். திடீர் பிரேக்குக்குப் பஞ்சமே இல்லை.

"முன்னால் டாங்க் மேல் உட்காரட்டும், வேடிக்கை பார்ப்பாள்" என்றார் இவர். "நடுவிலே வச்சுக்கிட்டா ரெண்டு பக்கமும் அணைவா இருக்கும்" என்றார்கள் அத்தை. "ஸ்கூட்டர் வாங்குங்கள் அத்தான், முன்னால் நின்றுகொண்டே வருவாள்" என்றான் என் தம்பி. "மடியிலே வச்சு முந்தானையாலே ஒரு முடிச்சுப் போட்டுக்கோ" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

நான் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "பாப்பா தூங்கிவிட்டால்?"

சிரிக்காதீர்கள்! காற்று முகத்தில் பட்டு, எஞ்சின் சத்தமும் தாலாட்டினால், ஐந்தாவது நிமிஷம் குழந்தை சொக்கிவிடும். முன்னால் உட்கார்ந்த குழந்தையின் தலை ஹாண்டில்பாரில் சாயும். பிடிக்க அப்பாவுக்குக் கை ஏது? பிரேக் போட்டால் முதலில் முன்னே போவதும் அதுதான். நடுவில் இருந்தால் பக்கவாட்டில் சரியும். தொங்கும் கால் சைலன்ஸரில் படலாம். நிற்கிற குழந்தைக்கு முழங்கால் மடங்கிவிடும். முந்தானை முடிச்சோ ஒரு குலுக்கலில் நெகிழும்; சேலை சக்கரத்தில் சிக்கினால் தாய்க்கும் ஆபத்து.

இதற்கெல்லாம் மத்திய அரசே 2022 பிப்ரவரியில் ஒரு விதி வெளியிட்டது. அது 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டை வேண்டும். குழந்தை ஒரு சட்டை போல இதை மாட்டிக்கொள்ளும். அதன் வார்கள் ஓட்டுகிறவரின் தோளில் மாட்டப்படும். கங்காருக் குட்டி மாதிரி, ஆனால் முதுகுப் பக்கம்! தூங்கினாலும் சரியாது. 30 கிலோ வரை தாங்கக் கூடியதாக அது இருக்க வேண்டும். ஒன்பது மாதத்திலிருந்து நாலு வயது வரை உள்ள குழந்தைக்குத் தலைக்கு ஏற்ற ஹெல்மெட் வேண்டும். சைக்கிள் ஹெல்மெட்டும் செல்லும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

பட்டை ஒரு மந்திரக் கயிறு அல்ல. வண்டி சாய்ந்தால் குழந்தையும் சேர்ந்துதான் சாயும். அதனால்தான் ஹெல்மெட்டும் நிதானமும் கூடவே வேண்டும். கைக்குழந்தை என்றால் பஸ்ஸே மேல்.

ஹெல்மெட்டை விளையாட்டுச் சாமான் போல நாலு நாள் வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். தலையை ஆட்டச் சொல்லிப் பாருங்கள். அது தனியாக ஆடினால் அளவு பெரிது. தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும்.

இனித்தான் சங்கடமான விஷயம். மோட்டார் வாகனச் சட்டப்படி பைக்கில் ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒருவர்தான் போகலாம். பாப்பா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் நான் எங்கே? "அப்புறம் என்ன குடும்பமாகப் போகிறது?" என்று இவருக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? கல்யாணமான புதிதிலிருந்து அந்தப் பின் சீட் என்னுடையதல்லவா!

ஆனாலும் விட்டுக்கொடுத்தேன். அப்பாவும் மகளும் பட்டை மாட்டிக்கொண்டு பைக்கில், நான் பஸ்ஸில். தூரம் அதிகமென்றால் மூன்று பேரும் பஸ்ஸில். மூன்று பேரும் முழுசாகப் போய்ச் சேர்ந்தால்தானே அது குடும்பப் பயணம்?

அடுத்த முறை வண்டியைக் கிளப்புமுன் நீங்களும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், சகோதரிகளே. பதில் சொல்லத் தயங்கினால், சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிடுங்கள்!