பேயார் சிரிக்கிறார்

சோழர் காலத்து அம்மன் செப்புத் திருமேனிகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு: மூன்று வளைவாக ஒசிந்த உடல், மெல்லிய இடை, பூப்பிடித்த கை. காரைக்கால் அம்மையார் திருமேனியில் இதில் ஒன்றுமே கிடையாது. துருத்திய எலும்பு, வற்றிய முலை, கையில் தாளம். ஆனால் முகத்தில் சிரிப்பு!

இது சிற்பியின் குறும்பு அல்ல, அம்மையார் கேட்டு வாங்கிய உருவம். கணவன் விலகிப்போனதும் அழகை உதறிவிட்டுப் பேயுருவம் வேண்டினார் என்கிறது பெரியபுராணம். கயிலைக்குத் தலையால் நடந்தவர், திருவாலங்காட்டில் ஈசன் ஆடப் பாடிக்கொண்டே திருவடிக்கீழ் இருக்கும் வரம் பெற்றார். நாயன்மார் அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அவர் உட்கார்ந்திருப்பது வழக்கம்.

இன்னொரு வேடிக்கை. திருவாலங்காட்டில் ஈசன் ஆடும் இரத்தின சபையின் ஆட்டம் ஊர்த்துவ தாண்டவம். கால் தலைவரை உயரும். ஆனால் இங்கே கிடைத்து, இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற நடராசர், இடது திருவடியைக் குறுக்கே தூக்கி ஆனந்த தாண்டவம் ஆடுகிறார். விரிசடையும் திருவாசியும் இல்லாததால் உடலின் சமநிலை மட்டுமே கண்ணை நிறைக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் அதன் புகைப்படங்களைப் பார்த்தே சொக்கிப்போய் எழுதினார். அந்தக் கட்டுரை 1921இல் அச்சேறியது.

எனக்கென்னவோ ரோதான் அம்மையாரையும் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றும். உமையின் இடைக்குக் கொடுத்த அதே நுட்பத்தைச் சோழச் சிற்பிகள் ஒரு கிழவியின் எலும்புக்கும் கொடுத்தார்களே, அந்தக் கைகளுக்குத்தான் என் முதல் கும்பிடு.