வாசல் வரை வண்டி வருமா?

வீடு மாற்றுவது என்றால் நம்மைப் போன்ற பெண்களுக்கு அது ஒரு சின்னப் பிரசவம் மாதிரி என்பார் என் மாமியார். எத்தனை தடவை பட்டாலும் அடுத்த தடவை வரும்போது பயமாகத்தான் இருக்கும். மின்வாரியத்தில் வேலை பார்ப்பவருக்கு வாழ்க்கைப்பட்ட எனக்கு இந்த அனுபவம் நிறைய உண்டு. ஆனாலும் 2008-ஆம் வருஷம் ஈரோட்டிலிருந்து கெத்தைக்கு வீடு மாற்றியதை மட்டும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு குறுகுறுக்கிறது. அதில் நான் செய்த தப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்காவது உபயோகப்படும்.

கெத்தை என்றால் பலருக்குத் தெரியாது. நீலகிரியில் குந்தா ஆறு மலையை அறுத்துக்கொண்டு இறங்குகிற ஆழமான பள்ளத்தாக்கில் இருக்கிறது. கனடா நாட்டு உதவியோடு கட்டிய குந்தா நீர்மின் திட்டத்தின் இரண்டாவது மின் நிலையம் அங்கேதான். உற்பத்தித் திறன் 175 மெகாவாட் என்று என் கணவர் பெருமையாகச் சொல்வார். சுற்றிலும் செங்குத்தான மலை, காடு, மலை மேலிருந்து இறங்கும் ராட்சத இரும்புக் குழாய்கள், நடுவில் கொஞ்சம் குடியிருப்புகள். அவ்வளவுதான் ஊர். கோவைப் பக்கமிருந்து போனால் காரமடை, வெள்ளியங்காடு, முள்ளி வழியாகப் போக வேண்டும். அந்தச் சாலை மேலே மஞ்சூர் போய்ச் சேர்வதற்குள் 43 கொண்டை ஊசி வளைவுகள். யானைக்கூட்டம் பஸ்ஸையே மறித்துக்கொண்டு நிற்கிற சாலை அது.

என் கணவர் முன்னாலேயே போய் வேலையில் சேர்ந்துவிட்டார். பெரியவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு மூன்று. அவர்களையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு சாமான் கட்டும் வேலை என் தலையில். லாரிக்குப் பேசுவதும் நான்தான். ஈரோட்டில் சாமான் ஏற்றி இறக்கித் தருகிறவர் ஒருவரிடம் போனில் பேசினேன். அவர் நிதானமாக இரண்டே கேள்வி கேட்டார்.

"ரோடு எப்படிங்கம்மா இருக்கும்?"

"பஸ் போற ரோடுதாங்க."

"வாசல் வரைக்கும் வண்டி வருங்களா? வராதுன்னா ஆள் கூடப் போடணும். மூவாயிரம் கூட ஆகும்."

வராது என்று எனக்குத் தெரியும். சாலையிலிருந்து வீட்டுக்கு 64 படி ஏறணும் என்று அவர் முன்னாலேயே சொல்லியிருந்தார். ஆனால் மூவாயிரம் என்றதும் என் வாய் தானாக, "வருங்க, வாசல்லயே நிறுத்திக்கலாம்" என்றது. பள்ளிக்கூடக் கட்டணம், புது ஊரில் அடுப்பு மூட்டும் செலவு என்று எவ்வளவோ இருந்தது. வந்த பிறகு கொஞ்சம் கெஞ்சினால் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள், நாலு படிதானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். எட்டாயிரத்து ஐந்நூறுக்குப் பேசி முடித்தேன். சாமர்த்தியக்காரி என்று எனக்கு நானே ஒரு சபாஷ் வேறு!

நல்ல ரோடு, வாசல் வரை வண்டி என்று நான் சொன்னதை நம்பி அவர் நீளமான பெட்டி லாரியை அனுப்பினார். ஆட்கள் மூன்று பேர்தான். நாங்கள் விடிகாலையிலேயே பஸ்ஸில் கிளம்பிப் போய்விட்டோம். மத்தியானம் ஒரு மணிக்கு வரவேண்டிய லாரி, நாலரை மணிக்கு வந்தது. வளைவுக்கு வளைவு முன்னுக்கும் பின்னுக்குமாக எடுத்து எடுத்துத் திருப்பியிருக்கிறார்கள். தினம் போகிற பஸ் டிரைவருக்குப் பழகின சாலை, முதல் தடவை வருகிறவருக்கு அப்படி இருக்குமா? டிரைவர் இறங்கும்போது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

அப்புறம்தான் படிகளைப் பார்த்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. டிரைவர் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. மழை தூறத் தொடங்கியது. ஆறு மணிக்கு மேல் யானை வரும், சீக்கிரம் இறக்கிவிட்டுக் கிளம்பணும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதும் அவர்களுக்குப் பதட்டம் தொற்றிக்கொண்டது. ஓட்டமும் நடையுமாகத் தூக்கினார்கள். என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்தார்கள்.

கடைசியாக இரும்பு பீரோ. என் கல்யாணச் சீர். உள்ளே இருந்த புடவைகளைக்கூட நான் காலி பண்ணவில்லை. பாதிப் படி ஏறியதும் ஈரத்தில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பீரோ சரிந்து, கீழே பிடித்துக்கொண்டிருந்த பையனின் பாதத்தில் இறங்கியது. இருபது வயதுகூட இருக்காது அவனுக்கு. "அம்மா" என்று அவன் போட்ட சத்தம் அந்தப் பள்ளத்தாக்கில் எதிரொலித்தது. அடுப்படியில் இருந்த என் கையிலிருந்து பாத்திரம் விழுந்துவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால் விரல்கள் நீலமாக வீங்கிக்கொண்டிருந்தன. நான் பதறிப்போய் எண்ணெய் போட்டு நீவப் போனேன். பக்கத்து வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்துத் தடுத்தார். "தேய்க்காதீங்க. எலும்பு உடைஞ்சிருந்தா இன்னும் விலகிடும்" என்று சொல்லி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, குளிர்ந்த ஈரத்துணியைப் போட்டார். அட்டைப்பெட்டியைக் கிழித்து அடியில் அணைவாக வைத்து, இறுக்காமல் துணியால் கட்டினார். இளம் தாய்மார்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் விழுந்தாலும் இதேதான். நீவுவது, சுளுக்கு எடுப்பது எல்லாம் கூடவே கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர் ஜீப்பில் என் கணவரும் அவனுமாக அந்தப் பனிமூட்டத்தில் மஞ்சூர் போனார்கள். அங்கே முதலுதவி. மறுநாள் ஊட்டியில் எக்ஸ்ரே எடுத்ததில் இரண்டு விரல் எலும்பு உடைந்திருந்தது. இரண்டு மாதம் சுமை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தினக்கூலிக்கு வேலை செய்கிறவனுக்கு இரண்டு மாதம்!

ஊருக்குத் திரும்பும் முன் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து சாப்பாடு போட்டேன். தலை நிமிர்ந்து அவனைப் பார்க்க முடியவில்லை. அவனோ என்னைத் தேற்றினான். "பரவால்லைங்க்கா. படிக்கட்டு இருக்குதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு கயிறும் இன்னொரு ஆளும் சேர்த்துக் கூட்டியாந்திருப்போம், அவ்வளவுதானுங்க்கா" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் என்னைச் சுட்டது. இன்றும் சுடுகிறது.

அன்று இரவு என் கணவரிடம் போனில் பேசியதை எல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த மாமியார், "ஏன் கண்ணு, நீ மிச்சம் புடிச்ச மூவாயிரம் அந்தப் பையன் கால்ல இல்ல விழுந்துது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. தோடு மாற்றுவதற்காக முடிந்து வைத்திருந்த ஐயாயிரத்தை எடுத்து வந்து கொடுத்தார். அந்த மூவாயிரத்தையும் சேர்த்து அவன் கையிலேயே கொடுத்தோம். லாரிக்காரருக்கும் போன் செய்து, பையன்கள் மேல் தப்பில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். "உங்க பேச்சை நம்பித்தானம்மா பெரிய வண்டியை அனுப்பினேன்" என்றார் அவர். என்ன பதில் சொல்ல முடியும்? கட்டு பிரிக்கிற வரை அவனுக்கு அவ்வப்போது போன் செய்து விசாரித்தேன். பிறகு எண் மாறிவிட்டது. இப்போது எங்கே இருக்கிறானோ, நன்றாக இருக்கட்டும்.

பதினோரு வருஷம் கழித்து, 2019 ஜூலையில் கணவருக்குக் காரமடைப் பக்கம் மாற்றல் வந்தது. இந்தத் தடவை நான் போனில் விலை பேசவே இல்லை. மஞ்சூரிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிப் போகிற பிக்கப் வண்டிக்காரர் ஒருவரை, "முதல்ல வீட்டை வந்து பாருங்க, அப்புறம் விலை சொல்லுங்க" என்று கூப்பிட்டேன். அவர் 64 படியையும் ஏறி இறங்கினார். பீரோவை அசைத்துப் பார்த்தார். கட்டிலின் அகலத்தைக் கையால் அளந்தார். "பெரிய வண்டி வேண்டாம்மா, ரெண்டு சின்ன வண்டி போதும். ஆள் ஆறு பேர் வேணும்" என்றார். கூலி, சாப்பாடு, சோதனைச்சாவடி, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வெளியூர்க்காரர்கள் போனில் சொன்னதைவிட இரண்டாயிரம் கூடத்தான். சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் என்று நாள் குறித்திருந்தோம். அவரே போன் செய்து, "வானம் சரியில்லைம்மா, தள்ளிப் போடுங்க" என்றார். அவர் சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! அந்த ஆகஸ்ட் 8-ஆம் தேதி எங்களுக்கு மேலே இருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நீலகிரியே மண்சரிவில் தத்தளித்தது. நாள் நட்சத்திரம் பார்ப்பது நம் வழக்கம்தான். ஆனால் மலையில் வீடு மாற்றுகிறவர்கள் அதோடு மழையையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு மழை, அக்டோபர், நவம்பரில் ஒரு மழை. முடிந்தால் இந்த மாதங்களைத் தவிருங்கள்.

செப்டம்பரில் கிளம்பினோம். முன்பு பட்டதெல்லாம் அப்போது கை கொடுத்தது. பீரோவைக் காலி செய்து, கதவு திறக்காமல் கயிறு கட்டி, சாவியை என் தாலிச்சரட்டில் கோத்துக்கொண்டேன். படியில் ஏற்ற இறக்க நீளமான வடக்கயிறு இரண்டு. கண்ணாடிச் சாமான்களுக்குப் பழைய புடவையும் வேட்டியும்தான் சுற்றினேன். நிலைக்கண்ணாடி இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் பத்திரமாக வந்தது. எரிவாயு சிலிண்டரை வண்டியில் ஏற்றவே இல்லை. ஏஜென்சியில் ஒப்படைத்து மாற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டோம். குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தியே கொண்டுபோய், இறக்கியதும் சில மணி நேரம் கழித்துத்தான் சுவிட்ச் போட்டோம்.

வாழைத்தார், பலாப்பழம், வெல்லம் எதையும் திறந்த வண்டியில் மேலாக வைக்காதீர்கள் என்று வண்டிக்காரர் சொன்னார். யானைக்கு வாசனை காட்டிக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடுமாம். அரிசி மூட்டையைக்கூட நடுவில் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். விடிந்து வெளிச்சம் வந்த பிறகே கிளம்பி, வெயில் இருக்கும்போதே காட்டைத் தாண்டினோம்.

முதல் ராத்திரிக்கு என்று ஒரு பை தனியாக என் கையிலேயே இருந்தது. அரிசி, பருப்பு, தீப்பெட்டி, டார்ச், மெழுகுவத்தி, மாமியாரின் மாத்திரைகள், ஒரு சின்ன பாத்திரம், மாற்றுத்துணி. கைக்குழந்தை இருக்கும் வீடாக இருந்தால் பால் பவுடரும் காய்ச்சல் மருந்தும் இதில் கட்டாயம் இருக்கணும். லாரி வழியில் நின்றுபோனாலும் அந்த இரவு ஓடிவிடும்.

ஆறு பேருக்கும் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக் கொடுத்தேன். படியில் பாதி வழியில் ஒரு குடம் தண்ணீரும் டம்ளரும் வைத்திருந்தேன். பீரோ இறங்கும்போது மட்டும் நான் அங்கே நிற்கவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். "இறக்கியாச்சும்மா" என்று குரல் வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

இப்போது காலம் மாறிவிட்டது. செல்போனிலேயே படியையும் பாதையையும் படம் எடுத்து அனுப்பிவிடலாம். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்றும் ஒன்று வந்திருக்கிறது. அதை யார் எடுப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வசதிகள் எத்தனை வந்தாலும், 64 படியை ஒரு மனுஷன் தோளில்தான் பீரோ ஏறியாக வேண்டும்.

ஆகவே சகோதரிகளே, பேரம் பேசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. நாலு காசு மிச்சம் பிடிக்கத் தெரியாமல் குடும்பம் நடத்த முடியுமா? ஆனால், "வாசல் வரைக்கும் வண்டி வருமா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்கும்போது மட்டும், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். எத்தனை ஆள், எத்தனை கயிறு என்று நம் பதிலை வைத்துத்தான் அவர்கள் முடிவு செய்கிறார்கள்.